கடைசிப் பச்சை

விளக்கு வாரியத்தைப் பற்றி நான் நல்ல வார்த்தை ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு அவர்கள்மேல் அடங்காத வயிற்றெரிச்சல் இருக்கிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு நடுநிலையாகப் பேச நான் நீதிபதி இல்லை, பஞ்சர் ஒட்டுகிறவன். இது என் தங்கை வீட்டுக் கதை. அந்த வீட்டுக்குப் பச்சை விளக்குப் போட்டு, ஏன் இன்னும் நகரவில்லை என்று கேட்ட கதை.

வீடு இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மேற்காக ஒரு பெரிய சாலை. தெற்கே மார்க்கெட்டிலிருந்து வரும் சாலை அதில் வந்து முட்டி நின்றுவிடும். முட்டுகிற இடத்துக்கு நேர் எதிரே, வடக்குப் பக்கத்தில், என் தங்கை வீடு. அதை ஒட்டி என் கடை. வீட்டுக்குப் பின்னால் கைவிட்டுப்போன கல்குவாரி. எட்டிப் பார்த்தால் கிறுகிறுக்கும் ஆழம், அடியில் பாசி பிடித்த தண்ணீர். ஆக, அங்கே மூன்று சாலைகள். நாலாவதாக ஒரு சாலை கிடையாது. இனி வருவதென்றாலும் அது தண்ணீருக்குள் இருந்துதான் வர வேண்டும்.

தங்கை வீட்டுக்காரர் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். மேற்கே இருக்கிற ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கெட்டில் மீன் கடைகளுக்குப் போடுவார். பரம சாது. யாராவது அவர் காலை மிதித்தால்கூட, கால் இடைஞ்சலாக இருந்துவிட்டதோ என்று இவர்தான் சங்கடப்படுவார். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே ஒரு அறையில் ஒண்டிக்கிடந்தார்கள். பிறகு, குவாரி ஓரம் என்று யாரும் சீந்தாத அந்தத் துண்டு நிலத்தை வாங்கி, ஐஸ் தூக்கிய தோளிலேயே செங்கல் தூக்கி, மாப்பிள்ளை இந்த வீட்டைக் கட்டினார். முன்னறை, சமையலறை, பின்னால் படுக்க ஓர் அறை. குழந்தை எட்டிப் பார்த்துக் குவாரியில் விழுந்துவிடுமோ என்று பயந்து பின்சுவரில் ஜன்னலே வைக்கவில்லை. இருக்கிற இரண்டு ஜன்னல்களும் சாலையைப் பார்த்தவை. வீட்டுக்குள் வெளிச்சம் பற்றாது, பகலிலும் பல்பு போட்டால்தான் அடுப்பில் இருப்பது தெரியும். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் இல்லாத காலத்திலும் அந்த இடத்தில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒருவரை ஒருவர் முறைப்பார்கள், வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், அப்புறம் கையைக் காட்டி வழி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் பார்க்க ஒரு விபத்துகூட நடந்ததில்லை. விபத்து நடக்கவில்லை என்பதே வாரியத்துக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் ஆட்கள் வந்து நடுவில் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். கம்பத்தின் உச்சியில் நாலு முகம். முகத்துக்கு ஒரு கேமரா.

மூன்று சாலைக்கு எதற்கு நாலு முகம் என்று கேட்டேன். வாரியம் மூன்று முகத்தில் வாங்குவதில்லை என்றார்கள். அப்படியானால் நாலாவது முகத்தை எடுத்துவிடுங்களேன் என்றேன். வாரியத்தின் பொருளைச் சேதப்படுத்தச் சொல்கிறாயா என்று கேட்டார்கள். ஆக, நாலாவது முகம் என் தங்கையின் சமையலறையைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவள் வாசலில் நின்று, "நமக்குன்னே ஒண்ணு போட்டிருக்காங்க அண்ணே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு வாரியத்தின் பெரிய பொறியாளர் வந்தார். கூடவே, அவர் பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்கிற உதவியாளர் ஒருவர். பெரிய பொறியாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"போறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. மாடுகூடத்தான் போகுது. நிக்கிறதுதான் நாகரிகம். உங்களுக்கு நிக்கத் தெரியல. இந்த வாரியம் உங்கள நிக்க வைக்கும். இந்தக் கேமராவுக்கு இருக்கிற அறிவு மனுஷனுக்குக் கிடையாது. ரெண்டு விளக்கு பக்கத்துல பக்கத்துல எரிஞ்சா, அங்க ஒரு வண்டி நிக்குதுன்னு புரிஞ்சுக்கும். அந்த வண்டி போற வரைக்கும் அதுக்குக் குடுத்த பச்சைய லேசுல எடுக்காது."

கேமராவுக்குப் புரிய வேண்டுமென்பதற்காக எல்லா வண்டிகளும் பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவானது. பட்டப்பகலில் சூரியனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தார்கள். பைக்காரர்கள் பாடுதான் பரிதாபம். ஒற்றை விளக்கைக் கேமரா மதிக்காது. அதனால் துணைக்கு இன்னொரு பைக் வரும்வரை காத்திருந்து, முன்பின் தெரியாத ஆளோடு தோளோடு தோள் உரச ஜோடி சேர்ந்து நின்றார்கள். சிவப்பில் தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும், லைசென்ஸ் பறிபோகும். நடந்து போகிறவர்களையும் அது விடவில்லை. எனவே ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

முதல் நாளே விஷயம் பிடிபட்டுவிட்டது. கேமரா வடக்கே திரும்பிப் பார்க்கிறது. அங்கே இரண்டு வெளிச்சம், நடுவில் கதவின் மேல் எண் பலகை, மேலே சன்ஷேடு. அதன் மகத்தான அறிவுக்கு அது ஒரு லாரி. பச்சையைக் கொடுத்தது. லாரி நகரவில்லை. பாவம், பெரிய வண்டி, கிளம்ப நேரமாகும் என்று இன்னும் கொஞ்சம் பச்சை கொடுத்தது. அப்போதும் நகரவில்லை. மூன்று பக்கமும் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்ட, எங்கள் வீட்டுக்குப் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ போனால் போகிறது என்று மற்ற பக்கங்களுக்கு ஒரு சிமிட்டுப் பச்சை. நாலு வண்டி போவதற்குள் மறுபடி வீட்டுக்கு வந்துவிடும்.

மாப்பிள்ளை மேற்கிலிருந்து வருவார். சிவப்பில் மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தன் வீடு கிளம்புவதற்காகக் காத்திருப்பார். அங்கிருந்தே சமையலறை ஜன்னல் தெரியும். தங்கை உள்ளேயிருந்து கையை ஆட்டி என்ன ஆச்சு என்பாள். அவர் கையை விரிப்பார். வண்டியின் பின்பக்கம் ஐஸ் உருகித் தாரை தாரையாகச் சாலையில் ஓடும். பின்னால் நிற்கும் பைக்காரர்கள் அதில் முகம் கழுவிக்கொள்வார்கள்.

மார்க்கெட்டில் மீன் கடைக்கார அக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், "ஏம்ப்பா, தண்ணி வேணும்னா நான் குழாயத் தொறந்து புடிச்சுக்க மாட்டேனா? அத ஏன் நீ வண்டி வச்சுக் கொண்டாந்து குடுக்குற?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

தங்கைதான் யோசித்தாள். திறப்பு விழாவில் அந்தப் பெரிய மனுஷன் பேசியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினாள். வடக்கே கேமராவுக்கு வெறும் சுவர்தான் தெரிந்தது. வண்டி போய்விட்டது என்று அது நிம்மதியாக மற்ற மூன்று பக்கத்துக்கும் முறை வைத்துப் பச்சை போட ஆரம்பித்தது. ஊர் மூச்சு விட்டது. மாப்பிள்ளையின் ஐஸ் ஐஸாகவே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சாத்திய வீட்டுக்குள் தங்கையும் குழந்தையும் புழுக்கத்தில் வெந்தார்கள். ஆனாலும், பரவாயில்லை அண்ணே, பழகிடும் என்றாள்.

வாரியத்துக்குப் பொறுக்குமா? ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். திறந்த நாள் முதல் வடக்குப் பக்கம் நின்றுகொண்டிருந்த கனரக வாகனம் திடீரென்று காணாமல் போய்விட்டதாம், ஆனால் கிளம்பிப் போனதற்குப் படம் இல்லையாம். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்கள். தங்கை திறந்தாள். உதவியாளர் முகம் மலர்ந்துவிட்டது, குற்றம் கிடைத்த சந்தோஷம். முகப்பு விளக்கை மறைத்து வைத்தது குற்றம், இனி இந்த இரண்டு ஜன்னல்களையும் எக்காரணம் கொண்டும் சாத்தக் கூடாது, விளக்கை அணைக்கக் கூடாது என்று கதவிலேயே, பெரிய பொறியாளர் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அவர் தனியாகப் போனால் வாரியத்தின் கட்டடத்தையும் நான்தான் கட்டினேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிடுவார் என்பதால் நானும் போனேன்.

வாரிய அலுவலகத்தை ஒருமுறையாவது எல்லோரும் பார்க்க வேண்டும். நடைகூடத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் சிக்னல். கையில் தேநீர்த் தட்டோடு ஒரு கடைநிலை ஊழியர் சிவப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதிரே யாரும் வரவில்லை. தேநீர் ஆடை படிந்துபோயிருந்தது. கழிப்பறைக் கதவுக்கு மேலும் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே காத்திருந்த ஒரு குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் பெரிய பொறியாளர் அறைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. தாமதமாக வந்ததற்கு அவர் எங்களைக் கடிந்துகொண்டார்.

மேஜைமேல் ஒரு புகைப்படம் இருந்தது. என் தங்கை வீடு. ஜன்னலில் அவள் அரிவாள்மணையோடு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது உன்னோடதா?" என்று கேட்டார்.

"இது வீடு சார்" என்றார் மாப்பிள்ளை.

"அத நான் கேக்கல. உன்னோடதா, இல்லையா?"

"என்னோடதுதான் சார்."

"ஒத்துக்கிட்டான், எழுதிக்கோ. ஓட்டுனர் சீட்ல ஒரு அம்மா காய் நறுக்கிட்டு இருக்காங்கன்னும் எழுதிக்கோ. ஏன்யா, பச்சை குடுத்தும் எடுக்காம நிக்கிறியே, என்ன காரணம்?"

மாப்பிள்ளை மிகவும் பணிவாக, "அஸ்திவாரம் போட்டிருக்கு சார்" என்றார்.

"ஹேண்ட்பிரேக்க எடுக்கலன்னு எழுதிக்கோ."

உதவியாளர் எழுதிக்கொண்டார். இன்னொருமுறை நேரில் வந்து பாருங்கள் சார், பின்னால் குவாரி, அங்கே ரோடே இல்லை என்று குரலை உயர்த்திச் சொன்னேன். பெரிய பொறியாளர் என்னை, டயரில் குத்திய ஆணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்கு எங்கய்யா நேரம்? உங்க பக்கம் வந்தா சிக்னல்லயே பாதி நாள் போயிடும். நான் வீட்லேருந்து ஆபீஸ் வர்ற வழியில ஒரு சிக்னல்கூட வைக்க விடாமப் பாத்துக்கிட்டிருக்கேன். அதனாலதான் இந்த வாரியம் நேரத்துக்கு நடக்குது."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. உதவியாளர் இதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து மாப்பிள்ளையின் லைசென்ஸைக் கேட்டார். அவர் ஐஸ் வண்டி லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். பெரிய பொறியாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் வீடு ஓட்டலாம் என்று எங்கேயும் போடவில்லையே என்றார். இல்லை சார் என்றார் மாப்பிள்ளை. ஆக, உரிய லைசென்ஸ் இல்லாமல் இத்தனை பெரிய வண்டியைச் சாலையில் வைத்திருக்கிறாய், இனி லைசென்ஸ் இல்லாமல் இந்த வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்று கண்டித்தார். மாப்பிள்ளை சரி சார் என்றார். அப்புறம் தீர்ப்பு வந்தது. பச்சை கொடுத்தும் நகராத வண்டியை வாரியம் பழுதான வண்டி என்றுதான் எடுத்துக்கொள்ளும். பழுதான வண்டியை வாரியத்தின் கிரேன் வந்து இழுத்துக்கொண்டு போகும். அடுத்த வாரம்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டார்.

"மச்சான், இழுத்தா வருமா?"

"வராது மாப்பிள்ளை. இடிஞ்சுதான் விழும்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

தங்கை அன்று அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை எங்கள் அம்மா செத்தபோதுகூட நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே, சாத்தக் கூடாத ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மூன்று பக்கமும் வண்டிக்காரர்கள் அவள் அழுது முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் கவுன்சிலரைப் பார்த்தோம், வக்கீலைப் பார்த்தோம். வீட்டை இடிக்கிற உத்தரவு என்றால் தடை வாங்கலாம், வண்டியை இழுக்கிற உத்தரவுக்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். சாமான்களை மூட்டை கட்டி என் கடையில் அடுக்கினோம். அடுப்பை மட்டும் தங்கை எடுக்க விடவில்லை.

அந்த நாள் வந்தது. தெற்குப் பக்கச் சாலையோரம் மேடை போட்டிருந்தார்கள். வாரியத்துக்கு ஒரு சடங்கு உண்டு, அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த வண்டியை இழுப்பதானாலும், இழுப்பதற்கு முன்னால் அதற்குக் கடைசியாக ஒருமுறை பச்சை கொடுப்பார்களாம். கடைசிப் பச்சை என்று அதற்குப் பெயர். தூக்குக் கைதியிடம் கடைசி ஆசை கேட்பதுபோல. பெரிய பொறியாளர் மைக்கைத் தட்டினார்.

"யாருக்கும் நாங்க அநியாயம் பண்ணினதில்ல. இந்த வண்டிக்கு இப்பக்கூட ஒரு வாய்ப்புக் குடுக்குறோம். கடைசிப் பச்சைக்கு எல்லை கிடையாது. வண்டி நகர்ற வரைக்கும் எரியும். நான் நெனச்சாக்கூட அணைக்க முடியாது, ஏன்னா அணைக்கிறதுக்கு சுவிட்சே வைக்கல. வச்சா யாராவது நியாயம் பேசி அணைக்க வச்சிடுவாங்க. இந்த வாரியம் தொடங்கின நாள்லேருந்து எங்க வண்டி ஒண்ணுகூட சிவப்ப மீறினதில்ல. அதுதான் எங்க பெருமை."

கைதட்டினார்கள். அவர் பித்தானை அழுத்தினார். வடக்கே பச்சை. மற்ற மூன்று பக்கமும் சிவப்பு. வீட்டுக்குள் இரண்டு பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தங்கை சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சடங்குப்படி கிரேன் முன்னாலேயே வந்து இந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும். வாரியத்தின் கொட்டகையிலிருந்து விடியும்போதே கிளம்பிவிட்டதாம். வழியெல்லாம் வாரியம் நட்ட சிக்னல்கள். ஒவ்வொன்றிலும் நின்று நின்று, பேச்செல்லாம் முடிந்து, பச்சையும் எரிந்த பிறகு தெற்கிலிருந்து முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வந்தது. வந்து கோட்டில் நின்றது. எதிரே சிவப்பு.

மேடையில் இருந்தவர்கள் கிரேனைப் பார்த்தார்கள். கிரேன் டிரைவர் விளக்கைப் பார்த்தார். உதவியாளர் ஓடிப்போய், போ, போ என்று கையாட்டினார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, சிவப்பில் தாண்டினால் என் லைசென்ஸ் போய்விடும், என் பெண்டாட்டி பிள்ளைக்கு நீங்களா சோறு போடுவீர்கள் என்று கேட்டார். நடந்து போய் ஏதாவது செய்யலாம் என்றால் நடக்கிறவர்களுக்கும் சிவப்பு. கேமரா நாலு பக்கமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடு நகர்ந்தால்தான் கிரேன் வர முடியும். கிரேன் வந்தால்தான் வீடு நகரும்.

பெரிய பொறியாளர் மறுபடி மைக்கை எடுத்தார். இந்தமுறை தட்டிப் பார்க்கவில்லை.

"ஏம்ப்பா, ஐஸ்காரரே. வண்டிய ஒரு அடி, ஒரே ஒரு அடி முன்னால எடுப்பா."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். பெரியவர்களிடம் பேசும்போது அவர் எப்போதும் எழுந்து நிற்பார்.

"லைசென்ஸ் இல்ல சார்" என்றார். "லைசென்ஸ் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்ய அவருக்கு வராது. ஆனால் மூன்று பக்கமும் நின்ற ஜனம் அத்தனையும் சிரித்தது. பெரிய பொறியாளர் முகம் கறுத்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததும் அவருக்கே தன் கேமராவின் குணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலில் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

"ஏம்மா, தங்கச்சி. வெயில் அடிக்குதே, கைக்குழந்தைய வச்சிருக்க. அந்த ஜன்னல் ரெண்டையும் கொஞ்சம் சாத்திக்கயேன்."

சாத்தினால் சுவர். வண்டி போய்விட்டது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். கிரேனுக்குப் பச்சை விழும். தங்கை, சாத்தாதே என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஜன்னல் கதவில் கை வைத்தாள். கை வைத்து, இன்னும் அகலமாகத் திறந்து கொக்கியை மாட்டினாள்.

"சாத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே சார்" என்றாள். "கதவுல பாருங்க. உங்க கையெழுத்துதான்."

அன்றைக்குச் சாயங்காலம் வரை மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் பெரிய பொறியாளர் மேடையை விட்டு இறங்கி, சிக்னல் இல்லாத சந்துகளாகப் பார்த்து நடந்தே போய்விட்டார். உதவியாளர் பின்னால் எழுதிக்கொண்டே ஓடினார்.

இதெல்லாம் நடந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிரேன் இன்னும் தெற்குக் கோட்டில் முகப்பு விளக்கைப் போட்டபடி நிற்கிறது. டிரைவர்கள் முறை வைத்து வந்து உட்காருகிறார்கள். வடக்கே பச்சை எரிந்துகொண்டே இருக்கிறது. எந்த வண்டியும் இந்தப் பக்கம் வருவதில்லை. எல்லாரும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், மாப்பிள்ளையும் அப்படித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். வண்டி வராத இடத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். ஒரு விபத்துகூட நடக்காத சந்திப்பு என்று வாரியம் எங்கள் இடத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறது. பெரிய பொறியாளருக்குப் பதவி உயர்வு. அடுத்து ஐந்து முகத்தில் விளக்கு வாங்கப்போவதாகக் கேள்வி. அவர்கள் வாயில் மண் விழ.

வீடு நிற்கிறது. நிற்கிறதுதான் நாகரிகம் என்று அந்த ஆள் சொன்னானே, அந்த நாகரிகத்தில் நிற்கிறது. ஆனால் ஜன்னலைச் சாத்தக் கூடாது, பல்பு அணையக் கூடாது. ஒரு பல்பு பீஸ் போனால்கூடக் கேமரா வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துவிடும், எதிரே கிரேன் என்ஜினை அணைக்காமல் காத்திருக்கிறது. கரண்ட் போனால் சிக்னலுக்கு பேட்டரி இருக்கிறது. என் தங்கைக்கு இரண்டு லாந்தர்கள்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் எங்கேயும் போவதில்லை. மழை சாரலடித்தாலும் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டு நிற்கிறாள்.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் நடக்கிற தூரம்தான். மாப்பிள்ளையும் குழந்தையும் வந்தார்கள். சொந்த அத்தை இல்லாமல் என் மகள் மேடையில் நின்றாள். சாப்பாடு முடிந்ததும் ஒரு தூக்கில் தங்கைக்கு எடுத்துக்கொண்டு நானே போனேன். புதுப் புடவை கட்டி, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பொண்ணு எப்படி இருந்தா அண்ணே?" என்று கேட்டாள்.

கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.